நாலாயிரம் புத்தகங்களுக்கு இடம் தேடிய அனுபவம்

அப்பாவின் புத்தகங்களைக் கொடுத்துவிடப் போகிறோம் என்றதும் உறவினர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "ஏதாவது ஒரு லைப்ரரிக்கு மொத்தமா குடுத்துடும்மா." இருந்தது நாலாயிரத்துக்கும் மேல். மொத்தமாக வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்பதைத்தான் இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நூலகத்துக்கு வேண்டியது அங்கே இல்லாத இருபது புத்தகம். ஒரு பள்ளிக்கு வேண்டியது பிள்ளைகள் எடுத்துப் பார்க்கக்கூடிய ஐம்பது. ஆராய்ச்சி செய்பவருக்கு ஒரே ஒரு பழைய சிறப்பு மலர் கிடைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆளைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் வேலை நகர ஆரம்பித்தது.

அப்பா இலங்கை மலையகத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய பல லட்சம் பேரில் ஒருவர். 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரி மலையில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த தகரப் பெட்டியில் பாதிக்கு மேல் புத்தகம்தான் என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் புத்தகமாக மாறியது. அவர் போன பிறகு அம்மாவால் முழங்கால் வலியோடு அந்த மேட்டு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வீட்டை விற்று, அம்மாவைக் கோவைக்கு என்னோடு அழைத்துக்கொள்வது என்று முடிவானது.

எப்போது ஆரம்பிப்பது என்பது மலையில் முக்கியமான கேள்வி. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வரும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனியிலேயே தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். அதனால் பொங்கல் கழிந்ததும் தொடங்கினோம். பனி விலகி வெயில் ஏறும் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரைதான் புத்தகத்தை வெளியே எடுக்கலாம். மழைக்காலத்தில் பெட்டி கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுவீர்கள்.

பிரிப்பதற்கு முன்னால் சுத்தம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சணம் பிடிக்கும். மலைவீட்டில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் அது எப்போதும் உண்டு. எங்கள் வீட்டில் வடக்குச் சுவர் அலமாரிதான் மோசம். மேல் தட்டு நன்றாக இருந்தது, கீழ் இரண்டு தட்டுகளில் அட்டைமேல் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு அவற்றைத் தனியாகத் திண்ணைக்குக் கொண்டுபோனோம். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. நேர்வெயிலும் வேண்டாம், அட்டை வளைந்துவிடும். காற்றோட்டமான நிழலில் விசிறிபோல விரித்து நிற்கவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். தாள்கள் ஒட்டிக்கொண்டு உள்வரைக்கும் நனைந்தவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு நூலகத்துக்குள் அப்படி ஒன்று போனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் கெடும்.

பூச்சி வேறு சங்கதி. ராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டும், பசையைத் தின்னும். துளைக்கும் வண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை குண்டூசி ஓட்டையாகப் போகும். வெள்ளைத் தாள்மேல் புத்தகத்தைத் தட்டிப் பாருங்கள். மாவுபோலப் பொடி உதிர்ந்தால் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது. முக்கியமான புத்தகமானால் பாலித்தீன் கவரில் காற்றில்லாமல் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்பா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தானே தைத்து பைண்டு பண்ணுவார். மைதாப் பசை காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடுவார். சின்ன வயதில் அந்த நீலக் கல்லைத் தொடவிடமாட்டார், விஷம் என்பார். ஐம்பது வருடம் ஆகியும் அந்த பைண்டுகளில் ஒன்றைக்கூடப் பூச்சி தொடவில்லை. பக்கத்திலேயே இருந்த, கடையில் பைண்டு பண்ணிய அகராதியின் முதுகு முழுக்க அரித்துப்போயிருந்தது. காக்கிக் காலிகோ துணி, சாக்கு ஊசியில் கோத்த மூன்று தையல், முதுகில் வெள்ளைப் பெயின்டில் அவர் கையெழுத்து. இப்படி வீட்டில் பைண்டு பண்ணிய தொடர்கள் உங்களிடமும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நூலாக வந்தபோது விடுபட்ட ஓவியங்களும், பக்க ஓரத்து விளம்பரங்களும், சில சமயம் ஆசிரியர் பிற்பாடு வெட்டிய அத்தியாயங்களும் இவற்றில்தான் இருக்கும். பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் அச்சு நூலைவிட இதைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

அப்புறம், ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் விடாதீர்கள். கடிதங்கள், மணியார்டர் ரசீதுகள், வங்கிக் காகிதங்கள் எல்லாம் விழும். எங்களுக்கு ஒரு இலக்கணப் புத்தகத்திலிருந்து குடும்ப அட்டை விழுந்தது. தாயகம் திரும்பியவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த அட்டை அது. தாத்தா, பாட்டி, அப்பா, அத்தை எல்லார் பெயரும், தோட்டத்தின் பெயரும் அதில் இருக்கிறது. இந்த மலையில் எத்தனையோ குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்கும் தாயகம் திரும்பியோர் சான்றுக்கும் இந்தக் காகிதத்தைத் தேடி அலைந்திருக்கின்றன. அத்தை பிள்ளைகள் பல வருடம் தேடியது, புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. உதறாமல் பெட்டி கட்டியிருந்தால் யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

பிரிக்கும்போது நாவல், வரலாறு, ஆன்மிகம் என்று வகை வைத்துப் பிரிக்காதீர்கள். எங்கே போகப் போகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். முதலில் வீட்டுக்கு வேண்டியது. அம்மாவுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இடத்தை வைத்து அளவு கட்டினோம். இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்தால் அது ஏறிக்கொண்டே போகும். தட்டு நிறைந்தால் நிறைந்ததுதான். அம்மா எடுத்தவை பெரும்பாலும் சமையல் குறிப்புகளும் தேவாரமும். நான் நினைத்ததில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. அவரைக் கேட்காமல் நாங்களே ஒதுக்கியிருந்தால் எல்லாம் தவறாகியிருக்கும்.

அடுத்தது அரியவை. எது அரியது என்று கண்டுபிடிக்க அட்டையைப் பார்த்துப் பயனில்லை. உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்த ஊரில் அச்சானது, எந்த வருடம், எந்த அச்சகம். பழைய தாள், கெட்டி அட்டை என்பதால் மட்டும் அரிதாகிவிடாது. பல்லாயிரம் பிரதி அச்சான பழைய புராண நூலைவிட, இருநூறு முந்நூறு பிரதி போட்ட ஊர் மலர் ஒன்று அரிது. எங்களிடம் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் அச்சகங்களில் வந்த சின்னச் சின்ன நூல்கள், தொழிற்சங்க வெளியீடுகள், பள்ளி ஆண்டு மலர்கள், சிற்றிதழ்கள் ஒரு பெட்டி தேறின. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த மண்ணில் அச்சானதில் ஒரு பிரதி நம் மலையில் ஒரு வாத்தியார் வீட்டு அலமாரியில் மிச்சம் இருந்தால், அதுதான் இருக்கும் ஒரே பிரதியாகவும் இருக்கலாம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் இன்னும் எத்தனையோ தகரப் பெட்டிகள் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றைத் திறந்து பாருங்கள்.

இலங்கை நூலென்றால் முதலில் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத்தளத்தில் தலைப்பைப் போட்டுப் பார்க்கலாம். 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை டிஜிட்டலாக்கித் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்தால் உங்கள் பிரதிக்கு அவசரமில்லை. இல்லாவிட்டால் அதற்குத்தான் முதல் கவனம். தமிழ்நாட்டு அச்சில் பழையவற்றுக்கு சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், புதுக்கோட்டையில் ஞானாலயாவும் இருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீடு நிறையச் சேர்த்ததிலிருந்து 1994-ல் உருவானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.

எங்கே பேசினாலும் உங்களிடம் பட்டியல் இருந்தால்தான் பேச்சு நடக்கும். "அப்பா நிறைய நல்ல புத்தகம் வெச்சிருந்தார்" என்றால் எதிர்முனையில் இருப்பவர் என்ன சொல்ல முடியும்? தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், வருடம், நிலைமை என்று ஆறு கட்டம் போதும். எல்லாவற்றுக்கும் எழுத வேண்டாம். நாங்கள் அரிய பெட்டிக்கு மட்டும் முழுப்பட்டியல் போட்டோம். மற்றதற்கு அலமாரித் தட்டுகளை முதுகு தெரியும்படி போனில் படம் எடுத்தோம். அந்தப் படங்களே பாதி வேலையை முடித்தன. வாட்சப்பில் அனுப்பினால் பார்ப்பவர் பெரிதாக்கிப் பார்த்துத் தனக்கு வேண்டியதை வட்டம் போட்டு அனுப்புகிறார்.

சோவியத் கால நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் போட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இங்கே மிகக் குறைந்த விலைக்கு விற்ற நூல்கள் நம் ஆசிரியர்கள் வீடுகளில் நிறைய உண்டு. படங்கள் போட்ட சிறுவர் நூல்களுக்கு இன்றைக்கும் ஆள் இருக்கிறது. அவற்றை மற்றப் பிள்ளைப் புத்தகங்களோடு கலக்காமல் தனியே வையுங்கள்.

அரசு நூலகங்கள் விஷயத்தில் நூலகர்மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. 1948-ல் தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் நூலகர் கணக்குச் சொல்ல வேண்டும். படிக்க ஆளில்லாத முந்நூறு நூலைப் பதிந்துவைத்து அவர் என்ன செய்வார்? பக்கத்து ஊரில் ஒரு சிறிய நூலகத்தில் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். "புத்தகம் இருக்கட்டும் மேடம், வைக்க ரேக் இல்லையே" என்றார் நூலகர். எங்களிடம் சில்வர் ஓக் மரத்தில் செய்த அலமாரிகள் நாலு இருந்தன. அதில் இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டது. பட்டியலிலிருந்து அவரே சிறுவர் நூல், அறிவியல், வாழ்க்கை வரலாறு என்று தேர்ந்தெடுத்தார். புத்தகத்தோடு அலமாரியையும் கொடுங்கள். வீட்டைக் காலி செய்பவருக்கு இரண்டுமே போக வேண்டியவைதான்.

உதகையில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறதே, ஆங்கிலப் புத்தகத்தை அங்கே கொடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது அந்தக் காலத்து துப்பறியும் நாவல்களும் அகராதிகளும். நூற்றைம்பது வருடத்துக்கு மேலான நூலகத்தின் வாசலில் அதைக் கொண்டுபோய் நிற்க மனம் வரவில்லை. அவற்றைக் குன்னூரில் தேநீர்க் கடையும் தங்கும் அறையும் நடத்தும் ஒரு தம்பதி சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். விருந்தினர் படிக்க வைத்திருக்கிறார்கள்.

நாவல்களைப் பெருமளவில் கொடுக்கச் சிறை நூலகங்கள் நல்ல இடம். 2023-ல் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். அங்கே நேரம் உண்டு, படிக்க ஆளும் உண்டு. முன்கூட்டியே பேசி, கட்டு கட்டாக, உள்ளே துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கொடுக்க வேண்டும்.

பள்ளிகளுக்குக் கொடுக்கும்போது கை கூசாமல் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் பாடநூல்கள் புதிதாக மாறின. அதற்கு முந்தைய நோட்ஸ், கைடு, பழைய போட்டித்தேர்வுப் புத்தகம் எதுவும் பிள்ளைக்கு உதவாது, சில இடங்களில் தவறாகவே வழிகாட்டும். நாம் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத குப்பையை ஏழைப் பிள்ளைக்குத் தானம் என்று கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

மிச்சத்தில் பெரும்பகுதி போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தோட்ட வேலை இல்லை. வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டோம். குவியலாகப் போட்டால் யாரும் கிளற மாட்டார்கள். பெட்டிகளில் முதுகு மேலே தெரியும்படி நிறுத்த வேண்டும். பிள்ளைப் புத்தகங்களைப் படிக்கட்டில், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் சமூகத்தின் ஊரிலிருந்து, பெண்கள் வந்தார்கள், டேன்டீ குடியிருப்பிலிருந்து வயசானவர்கள் வந்தார்கள். "ஒரு ரூபாயாவது வாங்கு, அப்பதான் மதிப்பு" என்று சித்தப்பா சொன்னார். நாங்கள் வாங்கவில்லை. விலை வைத்தால் பிள்ளைகள் தொடத் தயங்குவார்கள். ஒரு பெரியவர் கண்டியில் அச்சான பழைய பள்ளி வாசகப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மகள், இது நான் படிச்ச புத்தகம். எடுத்துக்கலாமா?" என்றார். அது அரிய பெட்டியிலிருந்து தவறி வெளியே வந்தது. போனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருங்கள் என்று டீ கொடுத்து, முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காகிதம் அவரிடம் போகட்டும், எழுத்து எல்லாருக்கும் இருக்கட்டும்.

பழைய புத்தக வியாபாரியை இதற்கெல்லாம் பிறகுதான் கூப்பிட வேண்டும். கோவை உக்கடத்திலிருந்து ஒருவர் வந்தார். மொத்தத்துக்கு ஒரு விலை என்பதுதான் அவர்கள் வழக்கம். அதில் தவறில்லை, விற்காத நூறை ஏற்றித்தான் விற்கிற பத்தை அவர் எடுக்கிறார். ஆனால் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு அவர் வந்தால் இருவருக்கும் நல்லது. வெளியூர் வண்டி மலையேற 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதனால் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள உள்ளூர் பிக்கப்பை வைத்து நாங்களே இறக்கினோம். மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி இறக்கும் வண்டிக்காரர்களைக் கேட்டால் வாடகை குறைவாக முடியும்.

எடையைக் கணக்குப் போடாமல் வண்டி பேசாதீர்கள். சராசரியாகப் புத்தகம் கால் கிலோ என்றால் நாலாயிரம் ஒரு டன். பெரிய பெட்டி தூக்க முடியாது, அடி கிழியும். மருந்துக்கடைச் சின்ன அட்டைப்பெட்டிகள்தான் சரி, ஒன்றில் பதினைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். படுக்கவைத்து அடுக்கி, மேலே இடைவெளி இல்லாமல் பேப்பரைத் திணிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் தளர்ந்த பெட்டிக்குள் புத்தகம் உருண்டு முனை மடங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கிடைக்கும் உள்ளே ஃபாயில் ஒட்டிய பேப்பர் சாக்கைப் பிரித்துப் பெட்டிமேல் போர்த்தினால் ஈரம் இறங்காது.

தனித்தனியாக வெளியூருக்கு அனுப்ப அஞ்சல்துறையின் ஞான் போஸ்ட் இருக்கிறது. 2025 மே 1-ல் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாட்டு நூல்களுக்குத்தான் இது, பத்திரிகைகளுக்குக் கிடையாது. பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போனது நாலு மூட்டை. பெயர், முகவரி, கையெழுத்து இருந்த முதல் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தோம்.

தொடர்கதை பைண்டுகளும் இலங்கைப் பெட்டியும் இப்போது கோவையில் என் மேசைமேல் இருக்கின்றன, ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம்வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே எல்லாவற்றையும் நாமே இணையத்தில் ஏற்றிவிட முடியாது. நாட்டுடைமையானவற்றுக்கும் காலம் கடந்தவற்றுக்கும் தடையில்லை. மற்றவற்றுக்கு உரியவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்க வேண்டும். தடித்த பைண்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். இரண்டு தலையணையை எதிரெதிராகச் சாய்த்து, பாதி திறந்தபடி புத்தகத்தை உட்காரவைத்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் முதலில் வலப்பக்கங்களை மட்டும் வரிசையாக எடுத்து, பிறகு திருப்பிவைத்து இடப்பக்கங்களை எடுக்கிறேன். ஃப்ளாஷ் போடுவதில்லை. அப்பா போட்ட தையல் இதுவரை ஒன்றும் விட்டுப்போகவில்லை. முடிந்த பைண்டுகள் கேட்டவர்களிடம் போய்க்கொண்டிருக்கின்றன, மற்றவை வரிசையில் இருக்கின்றன.